நீண்டகால மேலாளருக்குப் பின் யார்? ஐரோப்பியக் கால்பந்து கண்ட விடைகளும் அவற்றின் எல்லைகளும்

1974 ஆகஸ்ட்டில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் சாரிட்டி ஷீல்ட் ஆட்டம் நடந்தது. லிவர்பூல் அணியைக் கடைசி முறையாக முன்னின்று அழைத்துவந்தவர் பில் ஷாங்க்லி. லீட்ஸ் யுனைடெட் அணியை அழைத்துவந்தவர் பிரையன் க்ளஃப். ஷாங்க்லி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் லிவர்பூலை நடத்தியவர். இரண்டாம் பிரிவில் கிடந்த அணியை மூன்று முறை லீக் சாம்பியனாக்கிவிட்டு, எவரும் எதிர்பாராத நேரத்தில் ஓய்வை அறிவித்திருந்தார். லீட்ஸில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்த டான் ரெவி, இங்கிலாந்து தேசிய அணியின் பொறுப்பை ஏற்கப் போய்விட்டார். ஒரே கோடையில் இரண்டு பெரிய கிளப்புகள் ஒரே கேள்வியைச் சந்தித்தன. லிவர்பூல், 1939 முதல் தன்னிடமே இருந்த பாப் பைஸ்லியிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். லீட்ஸ், தன்னை வெளிப்படையாகச் சாடிவந்த க்ளஃபைக் கொண்டுவந்தது. 44 நாளில் நீக்கியது.

அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு மேலாளர் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகும்போதெல்லாம் ரசிகர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளுக்குத் திரும்புகிறார்கள். ஒன்று முன்மாதிரி, மற்றது எச்சரிக்கை. ஆனால் இரண்டு நிகழ்வுகளை வைத்து ஒரு விதியை எழுதிவிட முடியாது. "அடுத்து யார்?" என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே பிசகின என்பதை பிரிட்டிஷ், ஜெர்மானியக் கிளப்புகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை பார்க்கிறது.

வீட்டுப் பிள்ளை

மிகப் பழைய விடை, உள்ளேயிருக்கும் ஒருவரை உயர்த்துவது. இதற்கு வலுவான சான்று லிவர்பூல்தான். அதன் மைதானமான ஆன்ஃபீல்டில் காலணிகளை வைக்கும் சிறு அறை ஒன்று இருந்தது. 'பூட் ரூம்' என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் ஷாங்க்லியின் உதவியாளர்கள் ஆட்டத்துக்குப் பின் கூடி, வீரர்களின் நிலை, காயங்கள், எதிரணியின் பழக்கங்கள் என எல்லாவற்றையும் அலசுவார்கள். பைஸ்லி அந்த அறையிலிருந்து வந்தவர். அவருக்குப் பின் 1983இல் பொறுப்பேற்ற ஜோ ஃபாகனும் அங்கிருந்தே வந்தார். முதல் சீசனிலேயே லீக் பட்டம், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றார். 1985இல் வீரராக இருந்துகொண்டே மேலாளரான கென்னி டால்க்லிஷ், மறு ஆண்டே லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றார்.

இந்த வரிசையைப் பார்த்தால், உள்ளிருந்து எடுப்பதே வழி என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில்தான் சிக்கல் இருக்கிறது. அதே அறையின் வாரிசான ராய் எவன்ஸ் 1994 முதல் 1998 வரை அணியை நடத்தினார். ஒரு லீக் கோப்பை கிடைத்தது, லீக் பட்டம் கிடைக்கவில்லை. 1990க்குப் பின் அடுத்த லீக் பட்டத்துக்கு லிவர்பூல் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. அறையின் மரபு அப்படியே இருந்தது. சுற்றியிருந்த உலகம் மாறியிருந்தது: பிரீமியர் லீக்கின் பணம், வெளிநாட்டு வீரர்கள், புதிய உடற்பயிற்சி முறைகள். உள்ளிருந்து வருபவர் கொண்டுவரும் அறிவு, அந்த அறிவு செல்லுபடியாகும் காலம்வரைதான் பலன் தரும்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் முதல் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1945 முதல் மேலாளராக இருந்த மேட் பஸ்பி 1969இல் விலகியபோது, கிளப்பின் பயிற்சியாளர் குழுவிலிருந்த வில்ஃப் மெக்கின்னஸ் 31 வயதில் பொறுப்பேற்றார். அவருடைய சம வயதுக்காரர்களும் மூத்தவர்களும் அணியில் இருந்தார்கள். பஸ்பி பொது மேலாளராகக் கிளப்பிலேயே தங்கினார். 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டு, பஸ்பியே தற்காலிகமாகத் திரும்பினார். அடுத்து லெஸ்டரிலிருந்து வந்த ஃபிராங்க் ஓ'ஃபாரெல் 1972 டிசம்பரில் நீக்கப்பட்டார். 1974இல் யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 1968இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அந்த அணி, பஸ்பியின் கடைசி சீசனிலேயே லீக்கில் 11ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தது. மெக்கின்னஸ் ஏற்றது உச்சியிலிருந்த அணியை அன்று. முதுமை தொட்டுவிட்ட அணியை. வாரிசின் தோல்வி என்று எழுதப்படும் பலவற்றில் முன்னவரின் கடைசி ஆண்டுகளும் கலந்திருக்கின்றன.

உதவியாளர்களை உயர்த்திய வேறு கிளப்புகளிலும் முடிவு கலவையானதே. இப்ஸ்விச்சில் பதின்மூன்று ஆண்டுகள் இருந்த பாபி ராப்சன் 1982இல் இங்கிலாந்து அணிக்குப் போனார். உதவியாளர் பாபி ஃபெர்குசன் தொடர்ந்தார். 1986இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

பழைய நாயகர்கள்

ரசிகர்களின் மனத்துக்கு மிக நெருக்கமான விடை, கிளப்புக்கு ஆடிப் புகழ்பெற்ற ஒருவர் மேலாளராகத் திரும்புவது. ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் ஜாக் ஸ்டைன் 1978இல் விலக, 1967இல் ஐரோப்பியக் கோப்பையை ஏந்திய கேப்டன் பில்லி மெக்நீல் வந்தார். முதல் சீசனிலேயே லீக் பட்டம் வென்றார். ஆனால் லிவர்பூலுக்கு 1991இல் திரும்பிய முன்னாள் கேப்டன் கிரேம் சூனஸ், மறு ஆண்டு எஃப்.ஏ. கோப்பையை வென்றாலும் அணியின் சரிவை நிறுத்த முடியவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டில் 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலை அடித்த ஓலே குன்னார் சூல்ஷியர், 2018 டிசம்பர் முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தார். ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. இந்த விடை தருவது பெரும்பாலும் அவகாசத்தைத்தான். தன் பழைய நாயகனை ரசிகர் கூட்டம் உடனே கைவிடுவதில்லை. அந்த அவகாசத்துக்குள் வேலையைச் செய்து முடிக்கும் திறமை தனியாக வேண்டும்.

போனவரைப் போலவே ஒருவர்

2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து அலெக்ஸ் ஃபெர்குசன் விலகியபோது நடந்தது இந்த விவாதத்தின் மையம். 1986 நவம்பரில் வந்தவர் அவர். 13 பிரீமியர் லீக் பட்டங்கள், இரண்டு சாம்பியன்ஸ் லீக் உட்பட 38 கோப்பைகள் வென்றவர். ரசிகர்களில் ஒரு சாரார் ஜோசே மொரின்யோவை விரும்பினார்கள். ஃபெர்குசன் பரிந்துரைத்ததோ எவர்ட்டனில் பதினோரு ஆண்டுகள் இருந்த டேவிட் மோயஸை. இருவரும் கிளாஸ்கோ மண்ணின் மைந்தர்கள். கடும் உழைப்பு, ஒழுங்கு, இளைஞர்களை வளர்ப்பது, ஒரே இடத்தில் நீண்ட காலம் நிற்பது எனப் பல குணங்கள் ஒத்துப்போயின. ஆறு ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. ஃபெர்குசன் தன் விடைபெறும் உரையில், புதியவருக்குத் துணை நிற்க வேண்டும் என்று அரங்கத்தையே கேட்டுக்கொண்டார். யுனைடெட் மைதானத்தின் ஸ்ட்ரெட்ஃபர்ட் எண்ட் பகுதியில் மோயஸைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராகக் கொண்டாடும் பதாகை தொங்கியது. 2014 ஏப்ரல் 22 அன்று அவர் நீக்கப்பட்டார். 89 புள்ளிகளுடன் சாம்பியனாக இருந்த அணி, அந்த சீசனை 64 புள்ளிகளுடன் ஏழாம் இடத்தில் முடித்தது.

இதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு. மோயஸிடம் பெரிய கிளப்பை நடத்திய அனுபவமோ கோப்பை வென்ற வரலாறோ இல்லை என்பது முதல் விளக்கம். அணியே மூப்படைந்திருந்தது என்பது இரண்டாவது: ரியோ ஃபெர்டினாண்டுக்கு 34 வயது, பேட்ரிஸ் எவ்ராவுக்கு 32, ரயன் கிக்ஸுக்கு 39, பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாவது விளக்கம், போனது ஒருவர் மட்டுமல்ல என்பது. தலைமை நிர்வாகி டேவிட் கில் அதே கோடையில் விலகினார். உதவியாளர்கள் மைக் ஃபேலன், ரெனே மோயலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் ஆகியோரின் இடத்தில் மோயஸ் எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்தார். புதிய நிர்வாகமும் புதிய மேலாளரும் சேர்ந்து அந்தக் கோடையில் கொண்டுவந்த முக்கிய வீரர் மருவான் ஃபெலாய்னி ஒருவர் மட்டுமே.

மூன்று விளக்கங்களில் மூன்றாவதே வலுவானது என்று கருத இடமுண்டு. முதல் விளக்கம் முழுமையாக இருந்தால், அடுத்து வந்த அனுபவசாலிகளிடம் நிலைமை சீராகியிருக்க வேண்டும். லூயி வான் ஹால், மொரின்யோ, பிறகு எரிக் டென் ஹாஹ் ஆகியோர் தலைக்கு ஒரு கோப்பையாவது வென்றார்கள். ஆனால் லீக் பட்டம் திரும்பவில்லை. 2024–25 சீசனை யுனைடெட் 15ஆம் இடத்தில் முடித்தது. மோயஸோ 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வென்று தந்தார். திறமையற்றவர் என்ற முத்திரையோடு இது பொருந்தவில்லை.

ஆர்சனலின் கதை இதற்கு அண்டையில் நிற்கிறது; அங்கே தேடியது வெளியிலிருந்து ஒரு பெரிய பெயரை. 22 ஆண்டுகளுக்குப் பின் 2018இல் ஆர்சென் வெங்கர் விலக, செவியாவுடன் மூன்று முறை யூரோப்பா லீக் வென்ற உனாய் எமெரி வந்தார். முதல் சீசனில் 22 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தோல்வி இல்லை. நான்காம் இடத்தை ஒரே புள்ளியில் தவறவிட்டு, யூரோப்பா லீக் இறுதியில் செல்சியிடம் 4–1 எனத் தோற்று, 2019 நவம்பரில் வேலையை இழந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த தலைமை நிர்வாகி ஐவன் கஸீடிஸ் சில மாதங்களிலேயே மிலானுக்குப் போய்விட்டிருந்தார். எமெரி பின்னர் வியாரியலுடன் 2021இல் யூரோப்பா லீக் வென்றார்; ஆஸ்டன் வில்லாவை 2024இல் சாம்பியன்ஸ் லீக்குக்கு அழைத்துச் சென்றார். ஆர்சனலில் அடுத்து வந்த மிகெல் ஆர்ட்டெட்டா முதல் இரண்டு சீசன்களிலும் எட்டாம் இடத்தையே பிடித்தார். நிர்வாகம் அவரை விடவில்லை. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் ஆர்சனல் இரண்டாம் இடம் பெற்றது. எமெரிக்குக் கிடைக்காத பொறுமை ஆர்ட்டெட்டாவுக்குக் கிடைத்ததற்கு, வெங்கருடன் நேரடியாக ஒப்பிடப்படும் காலம் கடந்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போனவரின் நிழல்

போனவர் அருகில் இருந்தால் புதியவர் மூச்சுவிட முடியாது என்பது பரவலான கருத்து. பஸ்பி அலுவலகத்தில் இருந்தார். ஃபெர்குசன் இயக்குநராக அரங்கத்தில் அமர்ந்திருந்தார். ஓய்வுக்குப் பின்னும் ஷாங்க்லி பயிற்சிக் களத்துக்கு வந்துகொண்டிருந்தார். வீரர்கள் அவரையே தலைவராக அழைத்ததால், வர வேண்டாம் என்று கிளப் சொல்லும்படி ஆயிற்று. அந்த முடிவு அந்த மனிதரை எவ்வளவு புண்படுத்தியது என்பது லிவர்பூல் வரலாற்றின் துயரமான பக்கங்களில் ஒன்று.

ஆனால் நிழல் என்ற விளக்கத்தையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். வெங்கர் 2022 டிசம்பர்வரை ஆர்சனல் அரங்கத்துக்கு ஆட்டம் பார்க்கவே வரவில்லை. எமெரிக்கு அது உதவவில்லை. ஷாங்க்லி கூப்பிடு தூரத்தில் இருந்தபோதுதான் பைஸ்லி வேரூன்றினார்.

ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் இதைவிடப் பயனுள்ள பாடம். பதினான்கு ஆண்டுகளில் இரண்டு லீக் பட்டங்கள் வென்ற ஓட்டோ ரேஹாகல் 1995இல் போனார். அவருக்குப் பின் நெதர்லாந்தின் ஆட் டி மோஸ் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அவரையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் நான்கு பேர் வந்து போனார்கள். 1999 மே மாதம், சிறுவனாகச் சேர்ந்து கிளப்பிலேயே வளர்ந்த தோமஸ் ஷாஃப் பொறுப்பேற்றார். பதினான்கு ஆண்டுகள் இருந்தார். 2004இல் லீக் பட்டமும் கோப்பையும் சேர்த்து வென்றார். அதாவது சரியான விடை கிளப்புக்குள்ளேயே இருந்தது, ஆனால் நான்காண்டுக் குழப்பத்துக்குப் பிறகே கண்டுகொள்ளப்பட்டது. ஷாஃப் 1995லேயே வந்திருந்தால் வென்றிருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. 2021இல் ஒரே ஓர் ஆட்டத்துக்காக அவரைத் திரும்ப அழைத்தார்கள்; அந்த ஆட்டத்தில் தோற்றுப் பிரேமன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரே ஆள், ஒரே கிளப்; காலம் மட்டும் வேறு.

ஆய்வாளர்கள் சொல்வது

சமூகவியலாளர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்டது பேஸ்பாலில். 1963இல் ஆஸ்கர் க்ரஸ்கி, மேலாளரை அடிக்கடி மாற்றும் அணிகள் மோசமாக ஆடுகின்றன, மோசமாக ஆடுவதால் மீண்டும் மாற்றுகின்றன என்ற சுழற்சியைச் சுட்டினார். மறு ஆண்டு கேம்சனும் ஸ்காட்ச்சும் அதை மறுத்து, மேலாளர் மாற்றம் பெரும்பாலும் ஒரு பலிச் சடங்கு, விளைவு சிறிதே என்றார்கள். கால்பந்துக்கு வந்தால், நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் ப்ரூயின்ஸ்ஹோஃப்டும் தெர் வேலும் 2003இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. சரிவின்போது மேலாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு வகையும் மீண்டன. நீக்கியதால் தனிப் பலன் தெரியவில்லை. சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியும் 2009இல் எழுதிய நூல், ஓர் அணியின் இடத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வீரர்களின் ஊதியத்துக்கே உண்டு, மேலாளர்களில் மிகச் சிலரே அந்தக் கணக்கை மீறுகிறார்கள் என்று வாதிட்டது.

இந்த ஆய்வுகளை ரசிகர்கள் மேற்கோள் காட்டும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவை பெரும்பாலும் சீசன் நடுவே, தோல்விகளுக்கு நடுவே நடக்கும் நீக்கங்களைப் பற்றியவை. இருபது ஆண்டுகள் வென்றுவிட்டுத் தானே விடைபெறும் ஒருவரின் இடம் வேறு வகை. அத்தகைய நிகழ்வுகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. புள்ளியியல் அவற்றின்மேல் உறுதியாக எதையும் சொல்லத் தடுமாறும். தவிர, ஊதியக் கணக்கை மீறும் அந்த மிகச் சிலரே நீண்ட காலம் நீடிக்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் பின் வரும் எவரும் சராசரியை நோக்கி இறங்குவது இயல்பு. மோயஸின் தோல்வியில் இந்த இறக்கம் எத்தனை பங்கு, அவருடைய பிழைகள் எத்தனை பங்கு என்பதைப் பிரித்தறிய வழி இல்லை.

ரசிகர் குரலின் எடை

2017 மார்ச்சில் வெஸ்ட் ப்ராம்விச் ஆட்டத்தின்போது அரங்கத்தின்மேல் இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்று வெங்கருக்கு ஒப்பந்தம் தர வேண்டாம் என்ற பதாகையை இழுத்துச் சென்றது. மற்றது அவர்மேல் நம்பிக்கை உண்டு என்றது. இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் ஆர்சனல் ரசிகர்கள். ரசிகர்கள் என்ற ஒற்றைக் குரல் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் குரல் சில சமயம் தவறாகியிருக்கிறது. சார்ல்டனில் பதினைந்து ஆண்டுகள் இருந்த ஆலன் கர்பிஷ்லியின் காலத்தில் நடுத்தர இடங்களே உச்சவரம்பாகிவிட்டன என்ற சலிப்பு ஒரு பகுதியினரிடம் இருந்தது. 2006இல் அவர் விலகினார். அடுத்து வந்த இயன் டௌவி நவம்பரிலேயே நீக்கப்பட்டார். 2007இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2009இல் மூன்றாம் நிலைப் பிரிவுக்குப் போனது. மறுபக்கம், ஃப்ரைபுர்க்கில் பதினாறு ஆண்டுகள் இருந்த ஃபோல்கர் ஃபிங்கெயை அனுப்ப நிர்வாகம் முடிவெடுத்தபோது ரசிகர்கள் அவரைக் காக்க இயக்கம் நடத்தினார்கள். அவர் 2007இல் போனார்; புதியவர் ரோபின் டுட்டின் கீழ் 2009இல் அணி முதல் பிரிவுக்கு ஏறியது. இங்கே ரசிகர்களின் அச்சம் மெய்யாகவில்லை.

2024இன் லிவர்பூல் விவாதம் இவ்வகையில் முக்கியமானது. யூர்கன் க்ளாப் ஜனவரியிலேயே விலகலை அறிவித்து, தேடலுக்கு நான்கு மாத அவகாசம் தந்தார். ரசிகர்களின் பெருவிருப்பம் முன்னாள் வீரர் ஷாபி அலோன்சோ. லெவர்குசனைத் தோல்வியே இன்றி ஜெர்மன் லீக் பட்டத்துக்கு நடத்திக்கொண்டிருந்தவர். அவர் மார்ச் இறுதியில் லெவர்குசனிலேயே தங்குவதாகச் சொன்னார். கிளப் முதலில் செய்தது வேறொன்று: வீரர் தேர்வை முன்பு வழிநடத்திய மைக்கேல் எட்வர்ட்ஸைத் திரும்ப அழைத்து, ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக்கியது. அதன் பிறகே ஃபெயெனூர்டின் ஆர்னே ஸ்லாட் வந்தார். அந்தக் கோடையில் முதல் அணிக்கு வந்து சேர்ந்த புதிய முகம் ஃபெதெரிகோ கியேசா மட்டும். ஸ்லாட் இருந்ததைக் கலைக்காமல் திருத்தினார். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக் வென்றார். அடுத்த சீசனில், 2025 செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர்வரை லிவர்பூல் தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் தோற்றது. ஸ்லாட்டை வெற்றிகரமான வாரிசு என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

தீராதவை

நான்கு வகை விடைகளில் எதுவும் தனியாக வெல்லவில்லை. வீட்டுப் பிள்ளைக்குப் பைஸ்லியும் உண்டு, மெக்கின்னஸும் உண்டு. பழைய நாயகர்களில் மெக்நீலும் உண்டு, சூனஸும் உண்டு. பெரிய பெயர்களும், போனவரைப் போன்றவர்களும் ஒரு வரிசையில் நிற்கவில்லை. ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவே: நீண்டகால மேலாளரிடம் காலப்போக்கில் சேர்ந்துவிட்ட வேலைகள் பல. வீரர் தேர்வு, பயிற்சி, இளைஞர் பிரிவு, ஊதியத்தில் செல்வாக்கு, பொதுமுகம் எல்லாம் ஒரே மேசையில் குவிந்திருக்கும். அந்த வேலைகளைப் பிரித்து வைத்துவிட்டு ஆளைத் தேடிய இடங்களிலும், செய்துவந்தவர்களை உள்ளேயே தக்கவைத்த இடங்களிலும் மாற்றம் பெரும்பாலும் சேதமின்றி நடந்திருக்கிறது. ஃப்ரைபுர்க்கில் கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷ் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2024இல் விலக, முன்னாள் கேப்டன் யூலியான் ஷூஸ்டர் வந்து அணியை ஐந்தாம் இடத்தில் நிறுத்தியது இந்த வகையில் சேரும்.

இதுவும் நிரூபணம் ஆகிவிடாது. ஒழுங்கான கிளப்புகள் எப்படியும் நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். எவ்வளவு காலம் கழித்து வாரிசை மதிப்பிடுவது என்பதும் தீராதது: பைஸ்லியின் முதல் சீசனில் ஒரு கோப்பையும் இல்லை, லிவர்பூல் லீக்கில் டார்பி கவுண்டிக்கு அடுத்த இடம் பெற்றது. விலகலை முன்கூட்டியே அறிவிப்பது நல்லதா என்பதிலும் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. க்ளாப்பின் அறிவிப்பு கிளப்புக்கு அவகாசம் தந்தது. 2002இல் ஓய்வு பெறப்போவதாக முன்பே சொன்ன ஃபெர்குசன், அணி தடுமாறிய அந்த சீசனின் நடுவே முடிவை மாற்றிக்கொண்டார்.

ஆகவே அடுத்த முறை தங்கள் கிளப்பில் ஒரு நீண்டகால மேலாளர் விடைபெறும்போது, ரசிகர் அமைப்புகள் நிர்வாகத்திடம் இவற்றை முதலில் எழுத்தில் கேட்க வேண்டும்: வீரர்களை வாங்கும் முடிவு இனி யார் கையில்? பயிற்சிக் குழுவில் தங்குபவர் யார்? புதியவருக்கு எத்தனை சீசன் தரப்படும்? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பெயர்களைப் பற்றி வாதிடுங்கள்.